பரிசை விலைக்கு வாங்குவோர் கவனத்திற்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. கல்லாற்றைக் கடந்த பின் 22 கொண்டை ஊசி வளைவுகள் வரும். அவற்றை ஏறி முடித்தால், கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் உயரத்தில் புல்வெளியும் தேயிலைத் தோட்டமும் பனிமூட்டமும் காத்திருக்கும். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் விடுமுறை நாள்களில் அங்கு வரும் குடும்பங்கள் பல. மலையேறுமுன் தேநீர் அருந்த வண்டியை நிறுத்தும் இடங்களில் லாட்டரிக் கடை ஒன்று கண்ணில் படாமல் போவதில்லை. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே பரிசுச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டுவிட்டதால், எல்லை கடந்து வருவோருக்கு அந்தக் கடைகளின் மீது ஒரு தனி ஆர்வம் உண்டு. சீட்டு வாங்கலாமா கூடாதா என்பது அவரவர் மனச்சான்றுக்கும் வருவாய்க்கும் உரிய கேள்வி. அதற்கு விடை கூற இக்கட்டுரை முற்படவில்லை. குலுக்கல் முடிந்த பின், பரிசு விழுந்துவிட்ட சீட்டை வேறொருவர் விலைக்குக் கேட்கும்போது என்ன நேர்கிறது என்பதே இங்கு நம் கவலை.

இந்தக் கேள்விக்கு உறவுமுறையில் நெருங்கிய கேள்விகள் வேறு சிலவும் உள்ளன. அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் பாஸ் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் போட்டிகள் 1960-களின் இறுதியிலிருந்து ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துள்ளன. அவற்றில் வெல்பவருக்குப் பல வேளைகளில் விசைப்படகு பரிசாகக் கிடைக்கிறது. மேடையில் அவர் கையில் தரப்படுவது படகன்று. குறிப்பிட்ட விற்பனையாளரிடம் சென்று படகைப் பெற்றுக்கொள்ளலாம் என்று கூறும் ஒரு சான்றிதழ். ஏற்கெனவே நல்ல படகு வைத்திருப்பவனே போட்டியில் வெல்லக்கூடியவன் என்பதால், அவனுக்கு இன்னொரு படகு தேவைப்படுவதில்லை. அவன் சான்றிதழை விற்க விரும்புகிறான். கடை விலையைவிடக் குறைவாகப் புதுப்படகு கிடைக்கும் என்று வாங்க ஒருவர் முன்வருகிறார்.

பொன்முடிக்கும் படகுக்கும் வெகுதூரம் என்று வாசகர் நகைக்கலாம். படகை நீக்கிவிட்டுக் காரை வைத்துப் பாருங்கள். மதுரை மாவட்டத்தில் தைத் திங்களின் தொடக்கத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் நடைபெறும் சல்லிக்கட்டில், மிகுதியான காளைகளை அடக்கும் வீரருக்குக் கார் பரிசளிப்பது அண்மை ஆண்டுகளில் வழக்கமாகிவிட்டது. அந்தக் காரைப் பெறும் இளைஞர் பெரும்பாலும் கூலி வேலையோ சிறு வேளாண்மையோ செய்பவர். காருக்குப் பதிலாக அரசு வேலை தாருங்கள் என்று பரிசு பெற்ற வீரர்கள் மேடையருகே நின்று வேண்டியதை நாம் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். அந்த வேண்டுகோளில் உள்ள பொருளியல் அறிவு மிகக் கூர்மையானது. கார் ஓடுவதற்கு எரிபொருள் வேண்டும். ஆண்டுதோறும் காப்பீடு வேண்டும். நிறுத்த இடம் வேண்டும். வேலை மாதந்தோறும் தரும். கார் மாதந்தோறும் கேட்கும்.

ஆகவே பரிசுப் பொருளை விற்பது இழுக்கன்று. அதை வாங்குவதும் இழுக்கன்று. தேவையில்லாதவரிடமிருந்து தேவையுள்ளவருக்குப் பொருள் செல்வதே வாணிகத்தின் அடிப்படை. இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகே என் மறுப்பைச் சொல்கிறேன்: பரிசுப் பொருளை வாங்குங்கள், பரிசுக்கான சான்றிதழை வாங்காதீர்கள். பரிசு விழுந்த சீட்டையோ எக்காரணத்தாலும் தொடாதீர்கள். மூன்றும் ஒன்று போலத் தோன்றினாலும் சட்டத்தின் கண்ணில் மூன்றும் வெவ்வேறு பொருள்கள்.

கார் சாவி வீரரின் கைக்கு வந்து, பதிவுச் சான்றில் அவர் பெயர் ஏறிய பின் அது அவருடைய உடைமை. அதற்கு முன் அவரிடம் இருப்பது ஓர் உரிமை மட்டுமே. பரிசளிப்பவரிடமிருந்து ஒரு பொருளைக் கேட்டுப் பெறும் உரிமை. இத்தகைய உரிமையை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 'வழக்காடிப் பெறத்தக்க கோரிக்கை' என்னும் பொருள்பட வகைப்படுத்துகிறது. அதை மாற்றிக் கொடுக்க முடியும். ஆனால் எழுத்து வடிவில், கொடுப்பவர் கையொப்பமிட்ட ஆவணத்தின் மூலமாகவே முடியும் என்கிறது அச்சட்டத்தின் 130-ஆம் பிரிவு. வாய்ச்சொல்லும் தோளில் தட்டிக்கொடுத்தலும் போதா. அதைவிட முக்கியமானது 132-ஆம் பிரிவு. கொடுப்பவருக்கு எதிராக என்னென்ன கடப்பாடுகளும் வாதங்களும் இருந்தனவோ அவை அனைத்தும் வாங்குபவருக்கு எதிராகவும் நிற்கும் என்பதே அதன் சாரம்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். போட்டியில் வென்றவர் விதியை மீறினார் என்று இரண்டு வாரங்களுக்குப் பின் நடுவர் குழு அறிவித்துப் பரிசைத் திரும்பப் பெற்றால், சான்றிதழை வாங்கியவரின் கையில் ஒரு வண்ணத்தாள் மட்டுமே எஞ்சும். பரிசை வேறொருவருக்கு மாற்ற இயலாது என்று போட்டி விதியில் ஓர் ஓரத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும் அதே நிலைதான். குறிப்பிட்ட நாளுக்குள் பெறாவிட்டால் பரிசு காலாவதியாகும் என்ற நிபந்தனை இருந்து, அந்நாள் கடந்திருந்தாலும் அதே நிலைதான். கொடுத்த பணத்தை வென்றவரிடம் திரும்பக் கேட்கலாம். அதற்குள் அவர் வீட்டுக் கூரையை மாற்றியிருப்பார், தங்கையின் திருமணக் கடனை அடைத்திருப்பார். தன்னிடம் இல்லாத உரிமையைப் பிறருக்கு ஒருவர் அளிக்க முடியாது என்னும் கொள்கையை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் 27-ஆம் பிரிவில் கூறுகிறது.

அப்படியானால் அறிவுள்ளவர்கள் ஏன் சான்றிதழை வாங்க விரும்புகிறார்கள்? அதற்கும் ஒரு காரணம் உண்டு. அது முட்டாள்தனமான காரணம் அன்று. கார் வென்றவர் பெயரில் ஒருமுறை பதிவாகிவிட்டால், சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளாவிட்டாலும் அது இரண்டாம் கைக் கார் ஆகிவிடுகிறது. சந்தை விலை சரிகிறது. பதிவுக்கு முன்பே சான்றிதழை வாங்கி, விற்பனையாளரிடம் தம் பெயரிலேயே பட்டியல் போடச் சொன்னால், புதிய கார் முதல் உரிமையாளராகத் தமக்கே கிடைக்கும். வரியும் ஒருமுறையோடு முடியும். இந்த ஆசைதான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. விற்பனையாளரும் பரிசளிப்பவரும் வென்றவரும் மூவருமாக எழுத்தில் ஒப்பினால் இதை நேர்மையாகவே செய்ய இயலும். மூவரில் ஒருவரின் கையொப்பம் குறைந்தாலும் அது ஆசையாகவே நிற்கும்.

வரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பரிசுகளுக்கு வரி உண்டு என்பது பலருக்கும் தெரியும். பொருளாக வரும் பரிசுக்கும் உண்டு என்பது சிலருக்கே தெரியும். பரிசுச் சீட்டு, குறுக்கெழுத்துப் போட்டி, பந்தயம், சீட்டாட்டம் மற்றும் எவ்வகை விளையாட்டிலிருந்தும் வரும் வெற்றித் தொகைக்கு 30 விழுக்காடு என்பது நெடுங்காலமாக இருந்துவரும் விதி. ஏனைய வருமானத்துக்குக் கிடைக்கும் விலக்கு வரம்பும் கழிவுகளும் இதற்குக் கிடையா. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 194ஆ பிரிவு, ரூ. 10,000-க்கு மேற்பட்ட பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்றது. பரிசு முழுதும் பொருளாக இருந்தால், வரி செலுத்தப்பட்டதை உறுதி செய்த பின்னரே பொருளை விடுவிக்க வேண்டும் என்றும் அப்பிரிவு பரிசளிப்பவரைப் பணித்தது. 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவுகளின் எண்கள் மாறின; கொள்கை மாறவில்லை.

8 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கார் ஒன்றுக்கு இந்த விதியைப் பொருத்திப் பார்த்தால், சாவியைத் தொடுமுன் ஏறத்தாழ ரூ. 2.5 லட்சம் கட்ட வேண்டும். நாளொன்றுக்குச் சில நூறு ரூபாய் ஈட்டும் ஒருவர் அதை எங்கிருந்து கட்டுவார்? அப்போதுதான் ஒருவர் அருகில் வந்து, வரியை நான் பார்த்துக்கொள்கிறேன், கையில் மூன்று லட்சம் தருகிறேன், இதில் கையெழுத்துப் போடு தம்பி என்கிறார். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரி தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்திருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு கார் வழங்கியபோதும் இதே சிக்கல் எழுந்தது. கூச்சலிட்டு மகிழ்ந்தவர்களில் சிலருக்கு 7,000 டாலர் வரை வருமான வரி காத்திருந்தது. வரி கட்ட வழியில்லாதவருக்குக் காரை விற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பொருளாகப் பரிசளிப்பவர்கள் வரித் தொகையைப் பணமாகவும் சேர்த்து வழங்குவதே முறை என்பது என் கருத்து. விளம்பரப் பலகையில் காரின் படம் பெரிதாகவும் வரியின் சுமை வென்றவன் தலையிலும் இருப்பது கொடையாகாது.

காரைப் பெற்ற பின் விற்கும் வீரருக்கும் ஒரு சொல். பணத்தை வாங்கிக்கொண்டு வெற்றுப் படிவங்களில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்க வேண்டா. பதிவுச் சான்றில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பானவர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. அந்த வழக்கில் வண்டி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பலமுறை கைமாறியிருந்தும், பெயர் மாற்றப்படாததால் பொறுப்பு முதல்வரின் மீதே விழுந்தது. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள்ளும், வேறு மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள்களுக்குள்ளும் விற்றவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கேரளத்தில் பதிவான வண்டியைக் களியக்காவிளைக்கு இப்பால் நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்புவோர் தடையின்மைச் சான்றும் மறுபதிவும் வரியும் கணக்கில் சேர்த்தே விலை பேச வேண்டும். படகாக இருந்தால் அலுவலகம் மாறும். இயந்திரம் பொருத்திய கலத்தை உள்நாட்டு நீர்நிலையில் இயக்க 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி பதிவும் ஆய்வுச் சான்றும் தேவை. கேரளக் கடலில் மீன்பிடிக்க 1980-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி உரிமமும் பதிவும் தேவை. பரிசுப் படகுக்கு விலக்கு ஏதும் இல்லை.

இனி, சீட்டுக்கு வருவோம். இதுவரை சொன்னவை ஏமாளித்தனத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது குற்றத்தைப் பற்றியது.

இந்தியாவில் மாநில அரசே நடத்தும் லாட்டரியை முதலில் தொடங்கியது கேரளம். பி. கே. குஞ்ஞு நிதியமைச்சராக இருந்த 1967-இல் அதற்கெனத் தனித்துறை அமைந்தது. 1968 சனவரி 26-இல் முதற் குலுக்கல் நடந்தது. சீட்டின் விலை 1 ரூபாய். முதற் பரிசு ரூ. 50,000. இன்று ஓணம் பம்பரின் முதற் பரிசு ரூ. 25 கோடி. தொகை எவ்வளவு பெருகினாலும் சீட்டின் இயல்பு மாறவில்லை. பின்புறத்தில் பெயர் எழுதிக் கையொப்பமிடும் வரை அது யார் கையில் இருக்கிறதோ அவருடையதாகவே தோற்றமளிக்கிறது. பெயரில்லாத காசோலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையேறுவதற்கு ஒப்பானது அது. சீட்டு என்பது சரக்கா, உரிமையா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 1986-இல் ஒருவிதமாகக் கூறிய உச்ச நீதிமன்றம், 2006-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் அதை மாற்றி, லாட்டரிச் சீட்டு வழக்காடிப் பெறத்தக்க கோரிக்கையே என்று முடிவு செய்தது. மீன்பிடிப் போட்டியின் படகுச் சான்றிதழும் விதுரைக் கடையின் சீட்டும் ஒரே குலத்தில் பிறந்தவை என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

பரிசு விழுந்த சீட்டை, பரிசுத் தொகை முழுதுக்குமோ அதற்கு மேலுமோ கொடுத்துக்கூட வாங்க ஆட்கள் உண்டு என்று கேட்டால் முதலில் வியப்பு ஏற்படும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வியப்பு நீங்கும். முதற் பரிசு ரூ. 1 கோடி என்றும் முகவர் பங்கு 10 விழுக்காடு என்றும் கொள்வோம். எஞ்சிய ரூ. 90 லட்சத்தில் வரி ரூ. 27 லட்சம் பிடிக்கப்பட்டு, ரூ. 63 லட்சம் வங்கிக் கணக்குக்கு வரும். வருமானம் ரூ. 50 லட்சத்தைக் கடந்ததால் அந்த வரியின் மேல் 10 விழுக்காடு மிகைவரியும், அனைத்தின் மேலும் 4 விழுக்காடு மேல்வரியும் வென்றவரே கட்ட வேண்டும். முடிவில் அவர் கையில் நிற்பது ஏறத்தாழ ரூ. 59 லட்சம். இந்நிலையில் ஒருவர் ரூ. 75 லட்சத்தை ரொக்கமாகக் கொண்டுவந்து கொட்டினால், விற்பவருக்கு ரூ. 16 லட்சம் மிகுதி போல் தோன்றும். வாங்குபவருக்கோ அதே அளவு நட்டம். நட்டப்பட்டு அவர் வாங்குவது எதை? தம் கணக்கில் வராத பணத்துக்கு அரசு முத்திரையிட்ட ஒரு பிறப்புச் சான்றிதழை வாங்குகிறார். கையூட்டாகவோ கடத்தலாலோ வந்த பணம், இனி லாட்டரியில் வந்த பணம். வரி கட்டிய பணம்.

இது நம் நாட்டின் கண்டுபிடிப்பன்று. 1991-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜேம்ஸ் பல்ஜர் என்னும் குற்றக்கூட்டத் தலைவர், தம் கூட்டாளிகளோடு தொடர்புடைய ஒரு கடையில் விற்ற சீட்டுக்கு விழுந்த 1.43 கோடி டாலர் பரிசில் தமக்கும் பங்குண்டு என்று உரிமை கோரினார். அவர் விலை கொடுத்தே அந்தப் பங்கைப் பெற்றார் என்று புலனாய்வாளர்கள் கருதினர். பின்னர் அரசு அவருடைய பங்கைப் பறிமுதல் செய்தது.

விற்றவரின் நிலை என்ன என்பதுதான் நம் வாசகருக்கு முக்கியம். ரூ. 75 லட்சம் ரொக்கம் அவர் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. வங்கியில் செலுத்தினால், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். லாட்டரியில் விழுந்தது என்றால், பரிசு பெற்றவர் பட்டியலில் இருப்பது வேறொருவர் பெயர். சீட்டை விற்றேன் என்றால், 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே நடவடிக்கையில் ரொக்கமாகப் பெறக் கூடாது என்ற தடையை மீறியதை அவரே ஒப்புக்கொள்கிறார். அதற்கான தண்டத் தொகை பெற்ற தொகைக்குச் சமம். விளக்கம் கூறாவிட்டால், விளக்கமில்லா வருமானத்துக்கான தனி வரி. பணமதிப்பு நீக்கத்தை அடுத்து 2016-இன் இறுதியில் அது 60 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, மிகைவரியும் மேல்வரியும் சேர்ந்து 78 விழுக்காட்டைத் தொட்டது. வீதங்கள் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியவை. அந்த 78-ஐக் கொண்டு கணக்கிட்டால் ரூ. 75 லட்சத்தில் எஞ்சுவது ரூ. 16.5 லட்சம். நேர்வழியில் வந்திருக்கக்கூடிய ரூ. 59 லட்சத்தை இதனருகே வைத்துப் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, குற்றத்தால் வந்த பணத்தைத் தூய்மையாக்கத் தெரிந்தே துணைநிற்பவரும் 2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பிடிக்குள் வருவார். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை என்கிறது அச்சட்டம். சூட்டும் கோட்டும் அணிந்தவர் தப்பிப்பார். பெட்டியில் பணம் வைத்திருப்பவர் அகப்படுவார். நீதி அப்படி இருக்கக் கூடாது என்று வாதாடலாம். நடப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

பணத்தைக் கணக்கில் காட்டாமல் செலவு செய்துவிடலாம் என்று சிலர் நினைப்பர். நிலம் வாங்கினால் பத்திரப் பதிவு, நகை வாங்கினால் நிரந்தரக் கணக்கு எண், மகளின் கல்லூரிக் கட்டணம் என்றால் வங்கி வரைவோலை. மூட்டையில் உள்ள பணம் மூட்டையிலேயே முதுமையடையும்.

இன்னொரு சிக்கல் கூட்டாக வாங்கும் சீட்டில் உள்ளது. தேயிலைத் தோட்டங்களிலும் பனியன் ஆலைகளிலும் நான்கைந்து பேர் பணம் போட்டு ஒரு பம்பர் சீட்டு வாங்குவது வழக்கம். 2023-ஆம் ஆண்டு ஓணம் பம்பரில் ரூ. 25 கோடி விழுந்த சீட்டு வாளையாற்றில் விற்றது. அதைக் கூட்டாக வாங்கியிருந்தவர்கள் திருப்பூரைச் சேர்ந்த நால்வர். நால்வரும் ஒற்றுமையாக இருந்தால் நன்று. சீட்டைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் தரகரிடம் விலை பேசிவிட்டால், மற்ற மூவரின் உரிமையும் அந்தச் சீட்டோடு ஒட்டிக்கொண்டே செல்லும். முன்சொன்ன 132-ஆம் பிரிவை இங்கு மீண்டும் நினைவில் கொள்க. சீட்டு வாங்கிய அன்றே நால்வர் பெயரும் எழுதி, சீட்டின் இருபுறத்தையும் படமெடுத்து, நால்வரின் கைப்பேசியிலும் வைத்துக்கொள்வது நட்பைக் குறைத்து மதிப்பதாகாது.

தரகர் ஏன் வெல்கிறார் என்பதை வங்கித்துறையில் உள்ளவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். வென்றவர் எல்லாரும் பேராசைக்காரர் அல்லர். அவர்களில் பலரை இயக்குவது அச்சம். சீட்டு தொலைந்துவிடுமோ, கிழிந்துவிடுமோ, எவரேனும் பறித்துவிடுவரோ என்ற அச்சம். வெளிமாநிலத்தவன் என்று அலைக்கழிப்பார்களோ என்ற அச்சம். பெயர் வெளியே தெரிந்தால் கடன் கேட்போர் வாசலில் நிற்பரே என்ற அச்சம். இது வெறும் கற்பனையன்று. 2022-இல் ரூ. 25 கோடி வென்றவர், சில நாள்களுக்குள்ளேயே வீட்டு வாசலில் குவிந்த உதவி கேட்போரால் மனம் நொந்து, இவ்வளவு பெரிய பரிசு வந்திருக்க வேண்டாமே என்னும் பொருள்பட ஊடகங்களிடம் பேசினார். அவருக்கு முகவர் பங்கும் 30 விழுக்காடும் போகக் கிடைக்கக்கூடியது ரூ. 15.75 கோடி என்று நாடே பேசியது. அந்த ஆண்டின் மிகைவரியும் மேல்வரியுமாக மேலும் ஏறத்தாழ ரூ. 2.87 கோடி தாமே கட்ட வேண்டும் என்பதைப் பேசியவர் சிலரே. கேரள அரசு அதன் பின் முதற் பரிசு பெறுவோருக்கு நிதி மேலாண்மைப் பயிற்சி அளிக்க முன்வந்தது வரவேற்கத்தக்கது.

அச்சத்தைப் போக்கும் வழி உண்மையில் எளிது. ரூ. 5,000 வரையுள்ள பரிசைக் கேரளத்தின் எந்த லாட்டரிக் கடையிலும் பெறலாம். அதற்கு மேற்பட்ட பரிசுக்குச் சீட்டை அடையாளச் சான்றுகளோடு லாட்டரித் துறை அலுவலகத்திலோ வங்கியிலோ ஒப்படைக்கலாம். குலுக்கல் நாளிலிருந்து 30 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. வங்கியில் ஒப்படைத்து ஒப்புகை பெற்றுக்கொண்ட அந்த நிமிடமே சீட்டு தொலையும் அச்சமும் தரகரின் அழைப்பும் ஒருங்கே முடிவுக்கு வருகின்றன. எங்கள் கிளைக்கு இப்படியொரு சீட்டு இதுவரை வந்ததில்லையே என்று மேலாளர் கைவிரிக்கும் நிலை இருக்கக் கூடாது. கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோவை மாவட்டங்களின் எல்லையோரக் கிளைகளில் இதற்கான நடைமுறை எழுத்து வடிவில் இருக்க வேண்டும். வென்றவரைக் கூடத்தில் நிற்க வைத்து உரத்த குரலில் தொகையைக் கேட்காமல், தனியறைக்கு அழைத்துப் பேசும் பண்பும் வேண்டும். பணம் வந்து சேரும் வரையுள்ள வாரங்களில் வீட்டுச் செலவுக்கு ஒரு சிறு முன்பணக் கடன் கிடைக்குமானால், தரகரின் பெட்டிக்கு உள்ள கவர்ச்சியில் பாதி அன்றே கரைந்துவிடும். இது ஈகையன்று; 15 கோடி ரூபாய் வைப்புத்தொகை வரவிருக்கும் வாடிக்கையாளரிடம் வங்கி காட்ட வேண்டிய சாதாரண வாணிக அறிவு.

பரிசுப் பொருளை நேர்மையாக வாங்க விரும்பும் நம் வாடிக்கையாளருக்கு, காரானாலும் படகானாலும், நான் கூறுவது இது. வென்றவரைப் பரிசளிப்பு நிறுவனத்துக்கு உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். போட்டி விதிகளின் முழுப்படியைக் கேளுங்கள். வரி செலுத்திய சான்றைப் பாருங்கள். வென்றவரின் வங்கிக் கணக்கில் மட்டும், கணக்கின் வழியாக மட்டும் பணம் செலுத்துங்கள்; அவருடைய மைத்துனர் கணக்கில் வேண்டா. கடன் பெற்று வாங்குவதானால், பொருள் பதிவாகி ஈட்டுரிமை குறிக்கப்பட்ட பின்னரே வங்கி தொகையை விடுவிக்கும். வேறொருவர் பெயரிலுள்ள சான்றிதழின் மேல் எந்த வங்கியும் கடன் தராது. இத்தனைக்கும் வென்றவர் மறுப்பின்றி உடன்பட்டால், சந்தை விலையைவிடச் சற்றுக் குறைவாகக் கேளுங்கள். பாதி விலைக்குக் கேட்காதீர்கள். வரி கட்ட வழியின்றி விற்கும் ஒருவனிடம் பாதி விலை பேசுவதற்குச் சட்டத்தில் தடையில்லை என்பது எனக்குத் தெரியும்.

பரிசளிப்போர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. சான்றிதழின் முகப்பிலேயே மூன்று வரிகள் அச்சிடலாம்: இப்பரிசைப் பிறருக்கு மாற்றலாமா கூடாதா, எந்த நாள் வரை பெறலாம், பொருளுக்குப் பதில் பணமாகக் கேட்டால் எவ்வளவு கிடைக்கும். மூன்றாவது வரியை அச்சிட நிறுவனங்கள் தயங்கும். பணமாகக் கேட்போர் பெருகினால் மேடையில் நிறுத்தக் கார் இருக்காதே என்று கவலைப்படும். காரை மேடையிலேயே வைத்துக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டுக்கும் அதே கார் உதவும்.